பத்திலிருந்து இரண்டு வரை

ஜனவரி 12

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

வாயாடி எழுதுகிறேன். மூச்சு, பசி, கோபம் மூன்றும் இங்கே நன்றாக இருக்கின்றன. உன் மூட்டுவலியும் சந்தேகமும் எப்படி இருக்கின்றன?

வீடு பிடித்திருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையலறை, சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் குளியலறை. வீட்டுக்காரர் சாவியை என் மடியில் வைக்காமல், எனக்குப் பின்னால் நின்ற உன் கையில் கொடுத்தது நினைவிருக்கிறதா? "மூளை முடக்குவாதம்ங்கறீங்க. இவங்க எப்படி தனியா..." என்று உன்னிடம்தான் கேட்டார். நான் மிஷின் திரையில் கண்ணால் எழுத்தெழுத்தாகப் பொறுக்கி, அதன் வாயால், "குடியிருக்கப் போறது நான், என்னைக் கேளுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் படியிறங்கிப் போயே விட்டார். படிக்கட்டுக்குத்தான் சொன்னேன்.

உதவிக்கு வரும் அம்மாவுக்கு நான் வைத்த பெயர் ஏழுமணி. காலை ஏழுக்கு வந்து என்னைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, இரண்டு மணிக்குப் போகிறார். இரவு எட்டுக்கு வந்து படுக்க வைக்கிறார். நடுவில் ஆறு மணி நேரம் நான் தனி. முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் முறை. நேற்று அதில் ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். யாரும் வந்து "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கவில்லை. எவ்வளவு சுகம் தெரியுமா?

மற்ற நேரம் வேலை. பதிப்பகம் முதல் புத்தகத்தை அனுப்பிவிட்டது. கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அடைவு போடுவது. கீழ் வீட்டில் ஒரு தையல்காரர். அவருடைய தையல் மிஷின் நீளமாக ஓடும், நிற்கும், நூலை அறுப்பார், மறுபடி ஓடும். பகல் முழுக்க அதுதான் எனக்குத் துணை.

போனிலேயே பேசேன், கடிதம் எதற்கு என்று கேட்டாய். போனில் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ போலீஸ் மாதிரி பத்துக் கேள்வி கேட்பாய். கடிதம் என்றால் நான் பேசி முடிக்கிற வரை நீ காத்திருந்தே ஆகவேண்டும். இந்த உலகத்தில் நானும் மற்றவர்களும் ஒரே வேகத்தில் பேசுகிற இடம் தபால்பெட்டி ஒன்றுதான். அச்சடித்து வைத்தால் ஏழுமணி மடித்துப் போட்டுவிடுவார். உன் கடிதத்தையும் அவரே பிரித்து எதிரே நிறுத்தி வைப்பார்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. மதித்துப் படி.

உன் வாயாடி


ஜனவரி 29

அன்புள்ள வாயாடிக்கு,

மூட்டுவலி குறைந்திருக்கிறது. சந்தேகம் குறையவில்லை. உனக்குச் சளி இல்லையே? தண்ணீர் கொடுக்கும்போது உன் கழுத்தை முன்னால் சாய்த்துப் பிடிக்கிறார்களா? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

என் வேலை உனக்குத் தெரியும். விடிந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து விழுகின்றன. முன்பெல்லாம் கறை எனக்கு வெறும் கறைதான். இப்போது ஒவ்வொன்றையும் பார்த்து, இது எப்படி ஆயிற்று, அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைப்பு ஓடுகிறது. கூட வேலை செய்கிறவள், "அக்கா, விரிப்பைத் துவைக்கச் சொன்னா ஜோசியம் பாக்கறீங்களே" என்கிறாள்.

அம்மா இறந்த வருஷம் உனக்குப் புரையேறியதே, நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் உன் உதடு நீலம். மூன்று நிமிஷம் இருக்கும் என்றார் டாக்டர். அந்த மூன்று நிமிஷமும் நான் துணிக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு மொட்டைமாடியா இருக்கிறது? இரண்டு நாள் ரயில்.

அதனால்தான் மறுபடி சொல்கிறேன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு வருஷம் பார்க்கலாம். உன் மிஷினில் இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பார்த்தால் என் போன் அடிக்கும். அது ஒரே ஒரு தடவை அடித்தாலும் வீடு காலி. வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அழுது பிரயோஜனமில்லை.

போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். அடிக்காமல் இருக்கும்போதும் எழுந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

கழுத்தைச் சாய்த்துத்தான் பிடிக்கிறார்கள். சளி இல்லை. உதடு அதன் சொந்த நிறத்தில் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விரிப்பைப் பார்த்து மிரளுவதை நிறுத்து.

இங்கே ஒரு சின்ன யுத்தம். ஏழுமணி என்னைப் பாப்பா என்கிறார். "பாப்பா வாயைத் தொற." "பாப்பா சமத்து." ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு "எனக்கு முப்பத்து நாலு வயசாகுது" என்ற வரியை மிஷினில் தனியாகச் சேமித்து வைத்தேன். ஒரு பார்வை பார்த்தால் போதும், முழு வரியும் கணீரென்று வந்துவிடும். அவர் பாப்பா என்றதும் அதைப் பார்ப்பேன். நேற்று மட்டும் பதினோரு தடவை. கடைசியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மனுஷி எத்தனை தரம்தான் கேப்பா? அந்தப் பெட்டிய மூடு பாப்பா" என்றார். பன்னிரண்டு.

நான் கொஞ்சம் அதிகம் செய்கிறேனோ என்னவோ. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். இப்போது எனக்கு வாய் வந்திருக்கிறது, அக்கா. வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கண் மட்டும் சிவந்து எரிகிறது. மணிக்குப் பத்து நிமிஷம் ஓய்வு கொடுக்கச் சொன்னார் டாக்டர். கொடுக்கிறேன் என்று எழுத நினைத்தேன், பொய் எதற்கு? புத்தகம் பாதியில் நிற்கிறது. முடித்துவிட்டுக் கொடுக்கிறேன்.

உன் வாயாடி


மார்ச் 4

உதவிக்கு வரும் அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். என் தங்கையை நல்லபடி பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு என்ன சொன்னாலும் தகும்.

உங்களிடம் ஒரு உதவி. இந்தத் தனிக் கடிதம் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் கண் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் கேட்கமாட்டாள், சின்ன வயதிலிருந்தே பிடிவாதம். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அந்த மிஷினைக் கழற்றி, அவள் பார்வையில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் சத்தம் போடுவாள். கண்டுகொள்ள வேண்டாம். தானே அடங்கிவிடும்.

நீங்கள் எப்போதாவது கடைக்கு இறங்க நேர்ந்தால் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போங்கள். காலம் கெட்டுக்கிடக்கிறது.

நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். அவளுக்கு ரோஷம் அதிகம்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

கண் எரிச்சல் இல்லை. வேலை தாமதமாகிறது. பதிப்பகத்தில் கேட்டார்கள், சமாளித்தேன். ஏழுமணியும் நலம். இதை மடித்துத் தபாலில் போடப்போவதும் அவர்தான். உனக்குத் தெரியுமே.

சின்ன வயதில் நீ எனக்கு ஒரு எழுத்து அட்டை செய்தாய். உயிரெழுத்து ஒரு வரிசை, மெய்யெழுத்து ஒரு வரிசை. நீ விரலால் தொட்டுக்கொண்டே போவாய். வேண்டிய எழுத்து வந்ததும் நான் கண்ணை மேலே தூக்குவேன். அந்த அட்டை இன்னும் இருக்கிறதா? அவசரமில்லை. சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். ஒரு வழியாக நல்ல பேச்சு கேட்கக் கற்றுக்கொண்டாயே! இங்கே நானும் சுகம். இந்த மாதம் நான்கு இரவு முழுசாகத் தூங்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

அட்டை இருக்கிறது. என் பெட்டியின் அடியில், ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. உன் எச்சில் கறைகூட அப்படியே இருக்கிறது. இவ்வளவு பெரிய மிஷின் இருக்கும்போது இந்தப் பழங்காலத்துச் சாமான் எதற்கு? விளையாட்டுக்குக் கேட்டாய் என்றால் சரி. மிஷின் பழுதாகி, பேச வழியில்லாமல் இருக்கிறாய் என்றால் ஒளிக்காமல் சொல். அட்டையை அனுப்பமாட்டேன், நானே வருவேன். வந்து உன்னையும் மூட்டையையும் கட்டிக்கொண்டுதான் திரும்புவேன்.

வேறு ஒன்றும் இல்லையே? எழுதும்போது சந்தோஷமாக ஒரு வரி சேர்த்து எழுது.

அன்புடன்,
அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அட்டை வேண்டாம். மிஷின் நன்றாக இருக்கிறது.

சந்தோஷமாக இருக்கிறேன்.

தங்கை


ஜூன் 11

பாப்பாவோட அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம், நீங்க சுகமா? பாப்பாகிட்டேருந்து ஒரு மாசமா கடுதாசி இல்லேன்னு கவலையா எழுதியிருந்தீங்க. கவலையே படாதீங்க. பாப்பா நல்லா இருக்குது. வேளைக்குச் சாப்பிடுது. உடம்புல ஒரு புண்ணு கெடையாது, நான் தெனம் பாக்கறேன்.

நீங்க சொன்னபடியே மிஷின எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வெச்சுடறேன். மொதல்ல பன்னெண்டு மணிக்குத் திருப்பி வெச்சேன். வெச்சதும் என்மேல புகார் சொல்லவே அதுக்கு நேரம் சரியா இருந்துச்சு. அதனால இப்ப நான் கெளம்பற ரெண்டு மணிக்குத்தான் வெக்கறேன். உன்னால இங்க இருக்க முடியலேன்னு உங்க அக்காவுக்கு எழுதிடுவேன்னு ஒருநாள் சும்மா மெரட்டினேன். அதுலேருந்து புகார் இல்ல. இப்ப வீடு ரொம்ப அமைதியா இருக்குது. எனக்கும் தலைவலி கொறைஞ்சிருக்கு.

நீங்க சொன்னது சரியாப் போச்சும்மா. கத்தறதும் தானா நின்னுடுச்சு.

இப்படிக்கு,
ஏழு மணிக்கு வர்றவ


ஜூன் 16

அன்புள்ள வாயாடிக்கு,

இந்தக் கடிதத்தைக் கீழ் வீட்டுத் தையல்காரர் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ எழுதியதை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறேன். அவர் உன் கையில், உன் கண்ணில், சேர்க்கட்டும். அந்த அம்மா பிரிக்கும் உறையில் இதை எழுத முடியாது.

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான்தான் செய்தேன். மார்ச்சில் அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதினேன், மிஷினை இரண்டு மணி நேரம் எடுத்து வைக்கச் சொல்லி. உன்னிடம் சொல்லாதே என்றும் எழுதினேன். சத்தம் போட்டால் கண்டுகொள்ளாதே என்று எழுதியதும் நான்தான். இப்போது அவள் எழுதியிருக்கிறாள், நீ கத்துவதை நிறுத்திவிட்டாயாம். அந்த வரியை நான் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டு படித்தேன். ஈர விரிப்புகள் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ அட்டை கேட்டாய். நான் மூட்டை கட்டிவிடுவேன் என்று எழுதினேன். வேறு எப்படிச் சொல்லியிருப்பாய்?

முப்பதாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போதும். எனக்கு இதற்கு மேல் தெம்பு இல்லை. உன்னைக் கூட்டிவந்துவிடுகிறேன். என் கண் முன்னால் இரு.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மூச்சு இருக்கிறது. கோபமும் இருக்கிறது. பசி இன்றைக்குத்தான் வந்தது. உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவேண்டியதில்லை, உன் கையெழுத்திலேயே தெரிந்தது.

உன் கடிதத்தைத் தையல்காரர்தான் பிரித்தார். என் எதிரே பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கம் முடிந்ததும் நான் ஒலி எழுப்புவேன், அவர் பார்க்காமலே புரட்டுவார். என் கடிதத்தை இப்படி ஒருவர் பிடித்து நான் பார்த்ததில்லை. இதைத் தபாலில் போடப்போவதும் அவர்தான். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மிஷினை முதல் நாள் எடுத்தபோது ஏதோ துடைக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். எனக்குக் கண் திறந்தே இருந்தது. மிஷின் தெரிந்துகொண்டே இருந்தது. கத்தினேன். அவர் பாத்திரம் துலக்கினார். நாலாம் நாள், கத்தினால் தொண்டையில் எச்சில் சேர்ந்து புரையேறுகிறது என்று கண்டுகொண்டேன். புரையேறினால் என்ன ஆகும் என்று நீதான் எழுதியிருந்தாயே. அதனால்தான் நிறுத்தினேன். அடங்கிப்போய் இல்லை.

இரண்டு மணிக்கு மேல் மிஷின் என்னிடம் இருந்தது. சிவப்புப் பொத்தானும் இருந்தது. தினமும் அதைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு உனக்குப் புரியாது. கண்ணால் பேசுகிறவளுக்கு ஒன்றைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பார்த்தால் வீடு போய்விடும். பார்க்காவிட்டால் நாளைக்கும் பத்து மணி வரும். என்னைத் தூக்கிப் படுக்கவைக்கிற கையைப் பற்றி, அந்தக் கையே மடிக்கப்போகும் காகிதத்தில் என்ன எழுதுவேன்?

போன வியாழக்கிழமை பால் அடுப்பில் இருந்தது. "ரெண்டே நிமிஷம் பாப்பா" என்று சொல்லிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு கீழே போனார். அவருடைய அம்மாவுக்கு மருந்து வாங்க, வரிசை நீண்டுவிட்டதாம். பால் பொங்கியது, தீய்ந்தது, பிறகு அடுப்போரத்தில் இருந்த துணி புகைய ஆரம்பித்தது. எனக்கு நேர் எதிரே கடிகாரம். பதினொன்று பத்து. புகை மெதுவாகத்தான் வந்தது, அக்கா. அதுதான் பயம். வேகமாக வந்திருந்தால் பயப்பட நேரம் இருந்திருக்காது.

என் இடது கால் ஒன்றுதான் சொன்னதைக் கேட்கும். குதிகாலால் தரையில் உதைத்தேன். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. ஐந்து மாதமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேனே, எனக்குத் தெரியும். நீளமாக ஓடும், நிற்கும், நூல் அறுப்பார். அந்த நூல் அறுக்கும் நேரம்தான் என் நேரம். அது நின்றதும் உதைத்தேன். ஓடும்போது காலுக்கு ஓய்வு கொடுத்தேன். எத்தனை தையல் என்று எண்ணவில்லை. புகை நெஞ்சுக்குள் இறங்கி, இனிமேல் முடியாது என்று நினைத்தபோது மிஷின் நின்றது, மறுபடி ஓடவில்லை.

இஸ்திரிப்பெட்டியால் பூட்டை உடைத்துக்கொண்டு வந்தார். அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தே, "யாரும் இல்லையா? வீட்ல யாருமே இல்லையா?" என்று கத்தினார். நான் இருந்தேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. சீக்கிரம் புரிந்துகொண்டார். முதலில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மிஷினைப் பார்த்தேன், அதுதான் என் வாய் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு மேசைமேல் இருந்த புத்தகத்தை விடாமல் பார்த்தேன். "புத்தகமா? படிக்கணுமா? எழுத்தா?" எழுத்து என்றதும் கண்ணை மேலே தூக்கினேன். சட்டைப் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து, தரையில் மண்டிபோட்டு, அ முதல் ஔ வரை ஒரு வரிசை, க் முதல் ன் வரை ஒரு வரிசை எழுதினார். துணி வெட்டக் கோடு போடுகிற மாதிரி நேராக. நீ பத்து வயதில் கண்டுபிடித்ததை அவர் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார். விரலால் தொட்டுக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று ஒரு வரி முடிக்க.

"அக்காவுக்குச் சொல்லாதீங்க."

அவர் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி கேப்பீங்கன்னு நெனச்சேம்மா" என்றார்.

ஏழுமணி திரும்பி வந்து அழுதார். மார்ச்சில் நீ அவருக்கு எழுதிய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அமைதி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். மிஷினை எடுத்து எதிரே வைக்கச் சொல்லி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று என் வாயாலேயே சொன்னேன். இப்போது இரண்டு பேர் மாற்றி மாற்றி வருகிறார்கள். தையல்காரரிடம் ஒரு சாவி இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

நீ வா. டிக்கெட்டை வீணாக்காதே. ஆனால் என்னைக் கூட்டிப்போக வராதே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும், பால் வாசனை வந்தால்கூட. பயப்படுகிறவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றால், நீ எத்தனை வீடு காலி செய்திருக்கவேண்டும்? உன் பயத்தை எடுத்து என் வாயில் அடைத்தாய், அக்கா. அது உன்னுடையது. நீயே வைத்துக்கொள்.

வந்தால் ஒரு நாள், பத்திலிருந்து இரண்டு வரை, என் எதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திரு. எழுதக்கூடாது, கையாலும் காட்டக்கூடாது. அதற்குப் பிறகும் என்னைக் கூட்டிப்போக நினைத்தால் பேசலாம்.

வாயாடி


ஜூலை 13

அன்புள்ள வாயாடிக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டிருப்பாய்.

உன் எதிரே உட்கார்ந்த அந்த நாளைப் பற்றி அங்கே உன்னிடம் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். பத்தரைக்கே தண்ணீர் தாகம். கூஜா உனக்குப் பின்னால் இருந்தது. நீ அடைவு போட்டுக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவே இல்லை. பதினொன்றுக்கு ஒரு பூச்சி என் கழுத்தில் ஊர்ந்தது. பன்னிரண்டுக்கு அந்தப் புதிய பெண் வந்து, "அக்கா ஏன் உம்முனு இருக்காங்க, கோவமா?" என்று உன்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லவேண்டும் போலத் தொண்டை வரை வந்தது. ஒன்றரைக்கு ஏதோ தீயும் வாசனை. உண்மையா, என் பிரமையா தெரியவில்லை. உன்னிடம் கேட்கவும் முடியாது. அந்த அரைமணி நேரம் நான் செத்துப் பிழைத்தேன்.

நான் கையைக் காலை ஆட்டக்கூடியவள். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்ற தைரியம் உள்ளே இருந்தது. உனக்கு அதுவும் இல்லை. இதை மூன்று மாதம் உனக்குத் தினமும் கொடுத்தேன், கண்ணுக்கு நல்லது என்று.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அட்டையை உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், ஓரத்துக்குப் புதிதாகத் துணி வைத்து. தையல்காரர்தான் தைத்துக் கொடுத்தார். சிவப்புப் பொத்தான் இனி என் போனை அடிக்க மட்டும்தான். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடித்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பயம் போகவில்லை. என்னிடமே வைத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

மூச்சு, பசி, கோபம் மூன்றும் பழைய நிலைமைக்கு வந்துவிட்டன. உன் மூட்டும் அப்படியே என்று நினைக்கிறேன்.

நேற்று மூன்றரை மணிக்குச் சிவப்புப் பொத்தானைப் பார்த்தேன். தவறிப் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான். புகை இல்லை, புரையேறவில்லை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கீழே தையல் மிஷின் திடீரென்று நின்றது, ரொம்ப நேரம் ஓடவில்லை. அவர் டீ குடிக்கப் போயிருப்பார். இப்போது நான் உதைத்தால் யாருக்குக் கேட்கும் என்று தோன்றியது.

நீ முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. நீ எங்கேயோ நடந்தாய், ஒரு கதவு மூடிற்று, இரைச்சல் நின்றது. "பயமா இருக்கு" என்று பொறுக்கிச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன் மூச்சு மட்டும் தாறுமாறாகக் கேட்டது. நான் சொன்ன பிறகு, நீ "வரேன்" என்று சொல்வாய் என்று காத்திருந்தேன்.

"எனக்கும்தாண்டி" என்றாய்.

கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. இங்கே வேலை பாக்கி இருந்தது. நான்தான் முதலில் போனை வைத்தேன்.

உன் வாயாடி